சுவருக்குப் போன மட்டிகள்

பிரிக்பீல்ட்ஸ் வாசகசாலையின் ஆண்டு மலருக்கு நான் ஒரு கட்டுரை எழுதியே தீரவேண்டும் என்று அதன் செயலாளர் என் வீட்டுக்கு நடையாய் நடந்துவிட்டார். வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர்களின் அனுபவம் இளைஞர்களுக்குப் பயன்படும் என்பது அவர் கட்சி. எங்கள் அனுபவத்தில் பாதி, மேலதிகாரி சொன்னதற்குத் தலையாட்டியது. மீதிப் பாதி, தலையாட்டியதைப் பற்றி வீட்டுக்கு வந்து முணுமுணுத்தது. இதைப் படித்து எந்த இளைஞன் எப்படி முன்னேறுவான் என்று எனக்குத் தெரியவில்லை. ஆனாலும் எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் செயலாளர் அல்ல, குளோரின்.

இப்போது நகரத் தண்ணீரில் குளோரின் என்று ஒரு மருந்தைக் கலக்கிறார்கள். அந்த வேலையில் இருக்கும் நம் பையன்கள் சிலர் போன வாரம் என்னைப் பார்க்க வந்து, அதன் பெருமையை ஒரு மணி நேரம் பாடினார்கள். குடித்துப் பார்த்தேன். ஆஸ்பத்திரித் தரையைக் கழுவிய வாசனை. நல்ல மருந்துதான், குறை சொல்லவில்லை. ஆனால் அவர்களில் ஒருவன் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "ஐயா, ஒங்க காலத்துல மட்டிய போட்டுத்தான் தண்ணிய சுத்தம் பண்ணுனீங்களாமே, மெய்யாவா?" என்று கேட்டான். மற்றவர்கள் அடக்காமலே சிரித்தார்கள்.

மெய்தான் தம்பி. குளத்து மட்டிதான், நன்னீர்ச் சிப்பி. மலாய்க்காரர்கள் கீஜிங் என்பார்கள். உள்ளங்கை நீளத்தில், கறுப்பு ஓட்டோடு, சேற்றில் பாதி புதைந்து கிடக்கும். லீவு கேட்காது, சங்கம் வைக்காது, பதவி உயர்வுக்காக யார் வீட்டுக்கும் கோழி தூக்கிக்கொண்டு போகாது. நான் வேலை பார்த்த இலாகாவில் அவ்வளவு ஒழுங்காக உழைத்த வேறு யாரையும் நான் கண்டதில்லை. இலாகாவின் பெயரைச் சொல்ல மாட்டேன். பென்ஷன் இன்னும் அங்கிருந்துதான் வந்துகொண்டிருக்கிறது.

நான் தண்ணீர் ஓவர்சியர் ஆன கதையை நீட்டப் போவதில்லை. நாகப்பட்டினத்தில் கப்பலேறினேன், கிள்ளானில் பம்பு அடுப்புக்கு விறகு தள்ளினேன், குழாய் பொருத்தக் கற்றேன், இரண்டு அதிகாரிகளிடம் திட்டு வாங்கினேன், மூன்றாவது அதிகாரி திட்டுவதற்கு ஆங்கிலம் தெரிந்த ஆள் வேண்டும் என்பதால் என்னை ஓவர்சியர் ஆக்கினார். ஐரோப்பாவில் பெரிய சண்டை முடிந்த சமயம் அது. என்னை பிரிக்பீல்ட்ஸ் லயத்துத் தண்ணீருக்குப் பொறுப்பாக அனுப்பினார்கள்.

லயம் என்றால் இலாகாத் தொழிலாளர்களின் குடியிருப்பு. அடிப்பகுதி செங்கல், மேலே பலகை, அறை அறையாகத் தடுத்த நீள வீடுகள். பட்டணத்துக் குழாய்த் தண்ணீர் அதற்கு வெகு முன்பே கோலாலம்பூருக்கு வந்துவிட்டது. ஆனால் அது துரைமார்களின் பங்களா வாசல் வரைதான் வரும். எங்கள் லயத்துக்கும் பங்களாவுக்கும் நடுவில் ஒரு வேலிதான் இருந்தது. குழாய்க்கு வேலி தாண்டத் தெரியாது போலிருக்கிறது. லயத்துக்குத் தண்ணீர் பங்சார் பக்கத்து மேட்டில் இருந்த பழைய ஈயச் சுரங்கக் குளத்திலிருந்து வந்தது. குளத்திலிருந்து ஒரு மணல் தொட்டிக்கு வரும், மணலில் வடிந்து குழாய் வழியே கீழே இறங்கும். அந்தத் தொட்டி மணலைச் சுரண்டிக் கழுவிப் போடுவதும், மதகைத் திறந்து மூடுவதும், குழாய் அடைப்பெடுப்பதும் என் வேலை.

அப்போது எங்களுக்கு மேலே இருந்த இன்ஜினியரை நாங்கள் கண்ணாடித் துரை என்போம். மூக்குக் கண்ணாடிக்காக அல்ல. கையில் எப்போதும் முழ நீளக் கண்ணாடிக் குழாய் ஒன்று வைத்திருப்பார். தினமும் காலையில் தானே மேட்டில் ஏறி வருவார். குளத்து மதகடியில் நான் வாளியில் தண்ணீர் மொண்டு கொடுக்க வேண்டும். அதைக் கண்ணாடிக் குழாயில் ஊற்றி, அடியில் ஓர் ஆங்கிலப் பத்திரிகையின் மரண அறிவித்தல் பக்கத்தை விரித்து, மேலிருந்து ஒற்றைக் கண்ணால் பார்ப்பார். அந்தப் பக்கத்தில்தான் எழுத்து மிகப் பொடியாக இருக்குமாம். செத்தவர் பெயரும் ஊரும் வாசிக்க முடிந்தால் தண்ணீர் நல்ல தண்ணீர். வாசித்துவிட்டுச் சில சமயம், "பாவம், இவரை நான் அறிவேன்" என்று தொப்பியைக் கழற்றுவார். பிறகு "மதகைத் திறவும்" என்பார். சர்க்கார் தமிழ்ப் பரீட்சையில் தேறியவர். யாரிடமும் செந்தமிழில்தான் பேசுவார். லயத்துப் பெண்கள் அவர் வாயைத் திறந்தாலே முந்தானையால் வாயைப் பொத்திக்கொள்வார்கள்.

நான் சேர்ந்த வாரத்தில் அவர் இரண்டு கண்ணாடி ஜாடிகளில் மழைநாளின் கலங்கல் தண்ணீரை நிரப்பித் தொட்டிச் சுவரின்மேல் வைத்தார். ஒன்றில் கொஞ்சம் மணலைப் பரப்பி மூன்று மட்டிகளை வைத்தார். இன்னொன்றில் மணல் மட்டும். எனக்குப் பசி. மட்டியைப் பார்த்ததும் வெங்காயமும் மிளகாயும் ஞாபகம் வந்தன. மத்தியானம் திரும்பி வந்து பார்த்தால், மட்டி இருந்த ஜாடியில் அடிமணல் எண்ணலாம் போல் தெரிந்தது. மற்றது காலையில் இருந்த காப்பி நிறத்திலேயே நின்றது. மட்டி ஒரு துளையால் தண்ணீரை உறிஞ்சும், அதிலிருக்கும் பாசியையும் தூசியையும் தின்னும், தின்ன முடியாததைச் சளியில் உருட்டிக் கீழே தள்ளும், தெளிந்த நீரை இன்னொரு துளையால் விடும் என்று விளக்கினார். மட்டியின் குஞ்சுகள் பிறந்ததும் மீனின் செவுளைப் பிடித்துக்கொண்டு சில காலம் ஊர் சுற்றும் என்றும் சொன்னார். அதை நான் நம்பவில்லை. அவ்வளவு படித்த மனிதர் ஏதோ கதை விடுகிறார் என்று நினைத்தேன். மெய் என்று பிறகு தெரிந்துகொண்டேன்.

அதனால் குளத்தில் மட்டி எடுக்கக்கூடாது, மீன் பிடிக்கக்கூடாது என்று அவர் உத்தரவு. மீறினால் அபராதம். லயத்து ஜனங்களுக்கு அவர்மேல் அதுதான் ஒரே குறை. இவ்வளவு கறியைக் கண்ணெதிரே வைத்துக்கொண்டு பருப்புக் குழம்பு வைக்கச் சொல்கிறாரே என்று பேசிக்கொள்வார்கள்.

இந்த மனிதர் நீண்ட லீவில் சீமைக்குப் போனார். அங்கேயே உடம்பு முடியாமல் வேலையை விட்டுவிட்டதாகப் பிற்பாடு செய்தி வந்தது. அவர் இடத்துக்குத் தற்காலிகமாக வந்தவர்தான் என் கதையின் பிரபு.

புதிய துரையின் சப்பாத்து வெள்ளை. காலுறை வெள்ளை. தொப்பி வெள்ளை. இந்தச் சேற்றுப் பூமியில் அவற்றை அப்படி வைத்திருப்பதற்கென்றே தனி ஆள் இருந்தான். காலையில் மேட்டுப் பக்கம் தலைவைத்தும் படுக்க மாட்டார். லயத்துக்கு வருவார், கறுப்புக் கையுறை மாட்டிய ஆள்காட்டி விரலால் சுவரைத் தேய்ப்பார். விரலில் வெள்ளை ஒட்டினால் சுத்தம், ஒட்டாவிட்டால் அசுத்தம். ஓர் இடம் ஆரோக்கியமாக இருக்கிறதா என்று அறிய அவருக்கு வேறு எந்தச் சோதனையும் தேவைப்படவில்லை. எங்களோடு மலாயில்தான் பேசுவார். அதிலும் அவருக்குப் பிடித்த வாக்கியம் ஒன்றுதான், "கப்பூர் மானா?" சுண்ணாம்பு எங்கே என்று அர்த்தம்.

அந்த வருஷம் மேலிடத்திலிருந்து ஒரு கமிட்டி எல்லா லயங்களையும் சுற்றிப் பார்த்து, மிகச் சுத்தமான லயத்துக்குக் கண்ணாடிச் சட்டம் போட்ட நற்சான்றுப் பத்திரம் தரும் என்று அறிவிப்பு வந்தது. துரைக்கு ஜுரம் பிடித்துவிட்டது. எல்லா வீட்டுக்கும் வெள்ளையடி என்றார். ஸ்டோரில் சுண்ணாம்பு இல்லை. ஸ்டோர் கணக்கெழுதும் கிராணி கையை விரித்து, "அடுத்த மாசம் வரும்லா, அதுக்கு நான் என்னா செய்ய?" என்றார். கமிட்டி அதற்குள் வந்துவிடும்.

இந்த இடத்தில் மண்டோர் சின்னக்கண்ணு உள்ளே வருகிறான். லயத்து ஆட்களை வேலைக்கு விரட்டும் மேஸ்திரி அவன். கழுத்தில் விசில், கையில் பிரம்பு, வாயில் வெற்றிலை. துரை தோளைத் தட்டினால் அந்தத் தோளை இரண்டு நாள் கழுவாத ஆசாமி. கெட்டவன் அல்ல. புகழ்ச்சிக்கு முன்னால் அவனுக்கு எலும்பே இருக்காது, அவ்வளவுதான். அவன் அப்பன் நாகப்பட்டினக் கடற்கரையில் சிப்பி சுட்டுச் சுண்ணாம்பு செய்தவர். அதனால் உலகத்தில் எந்த ஓட்டைப் பார்த்தாலும் சின்னக்கண்ணுக்குச் சுண்ணாம்புதான் தெரியும்.

சுண்ணாம்பு கொளத்துல கெடக்குதுங்க தொர என்று தன் அரைகுறை மலாயில் போய்ச் சொல்லிவிட்டான்.

முதலில் கரையில் கிடந்த பழைய ஓடுகளைப் பொறுக்கினார்கள். அது ஒரு வரிசை வீட்டுக்குக் கூடக் காணவில்லை. பிறகு ஆட்களைக் குளத்தில் இறக்கி, இரும்புவாரியால் சேற்றைக் கோதிக் கூடை கூடையாக உயிர் மட்டியை வாரிக் கரையில் குவித்தார்கள். நான் துரையின் ஆபீசுக்கு ஓடினேன். அந்த மட்டிதான் தண்ணீரைத் தெளிய வைக்கிறது, பழைய துரை அதற்காகவே உத்தரவு போட்டிருந்தார் என்று சொன்னேன். அவர் சிரித்தார். கோபப்பட்டிருந்தால் கூடப் பரவாயில்லை.

"தண்ணீரைச் சுத்தம் செய்ய உனக்குச் சம்பளம் தருகிறோம். மட்டிதான் அதைச் செய்கிறது என்கிறாய். அப்படியானால் நீ எதற்கு?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

எனக்கு மனைவி, இரண்டு பிள்ளைகள், ஊரில் அம்மா. சலாம் போட்டுவிட்டுத் திரும்பினேன்.

சின்னக்கண்ணு வேலை செய்த அழகை மட்டும் மறைக்க முடியாது. குழி தோண்டினான். விறகு ஓர் அடுக்கு, கரி ஓர் அடுக்கு, ஓடு ஓர் அடுக்கு என்று மார்பளவு ஏற்றிக் களிமண் பூசிக் காளவாய் கட்டினான். காற்று எந்தப் பக்கம் என்று வெற்றிலைச் சாற்றைத் துப்பிப் பார்த்துத் தீ வைத்தான். வெந்த ஓட்டைக் குவித்துத் தண்ணீர் தெளித்தபோது அது சீறிப் பொரிந்து மாவாக உதிர்ந்தது. அதைப் பழைய கோணிச் சாக்கில் சலித்து, கஞ்சி கலந்து, தென்னை மட்டையைத் தட்டிச் செய்த தூரிகையால் அடித்தார்கள். கடைச் சுண்ணாம்பு அதன் பக்கத்தில் நிற்க முடியாது. வெயிலில் லயத்தைப் பார்த்தால் கண் கூசியது.

ஓட்டுக்குள் இருந்த சதை வீணாகுமா? ஒரு வாரம் லயம் முழுக்க மட்டிக் குழம்பு, மட்டி வறுவல், மட்டிப் பிரட்டல். பருப்பை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. புதிய துரையைப் போல உண்டா என்று பெண்கள் வாயார வாழ்த்தினார்கள். அந்த வாரம் எனக்குச் சஷ்டி விரதம். அந்த ஒரே காரணத்தால் இந்த விஷயத்தில் நான் இன்றுவரை யோக்கியன்.

கமிட்டி வந்தது. சுவர்களைத் தொட்டது. விரல்களில் வெள்ளை ஒட்டியது. பத்திரம் எங்கள் லயத்துக்குத்தான் என்று முடிவாகி, அதைக் கொடுக்க ஒரு விழாவும் நடந்தது. துரை சின்னக்கண்ணுவை மேடைக்கு அழைத்துக் கைகுலுக்கினார். வந்திருந்த பெரியவர்கள் அன்று குடித்தது போத்தல் சோடா. ஐஸ் பெட்டியில் வைத்துக் கொண்டு வந்திருந்தார்கள். எங்கள் தண்ணீரை யாரும் கேட்கவில்லை, நல்லவேளையாக.

ஏனென்றால் அதற்குள் குளம் நிறம் மாறத் தொடங்கியிருந்தது. வாரியால் கோதிய சேறு அடங்கவே இல்லை. பாசி பிடித்து, முதலில் இளநீர்க் காயின் நிறம், பிறகு வெற்றிலை நிறம். நான் கண்ணாடித் துரை விட்டுப்போன குழாயை எடுத்துப் பார்த்தேன். செத்தவர் பெயர் கிடக்கட்டும், பத்திரிகையே தெரியவில்லை. தொட்டி மணல் ஒரே நாளில் அடைத்துக்கொண்டது. சுரண்டிக் கழுவிப் போட்டால் மறுநாள் மறுபடி அடைக்கும். அடைத்த மணலைத் தாண்டி வழிந்த தண்ணீர் அப்படியே குழாய்க்குப் போனது. மழை வேறு பிடித்துக்கொண்டு, மேட்டுக் கசடையெல்லாம் குளத்தில் கொண்டுவந்து சேர்த்தது.

லயத்தில் வயிற்றுக்கடுப்பு ஆரம்பித்தது. ஒரு கிழவர் போனார். பால்குடி மறக்காத குழந்தை ஒன்று போனது. இரண்டு சாவு வீட்டுச் சுவரும் பாலாய் வெளுத்திருந்தன. அந்த வீடுகளின் வாசலில் நின்றபோது எனக்கு வந்த கோபம் இன்னும் முழுக்க ஆறவில்லை.

மூன்றாவதாகப் படுத்தது சின்னக்கண்ணுவின் மகள் பவுனு. ஆறு வயது. நான்கு பிள்ளைகளைப் பறிகொடுத்த பிறகு தங்கிய ஒரே பிள்ளை. இலாகா ஆஸ்பத்திரியில் அப்போது டிரெசராக இருந்தவர் கந்தையா என்ற யாழ்ப்பாணத்துக்காரர். டாக்டர் எப்போதாவது வருவார், மருந்து கொடுப்பதும் கட்டுப் போடுவதும் ஆளை மிரட்டுவதும் இவர்தான். எப்போதும் விறைத்த கழுத்துப்பட்டை, எப்போதும் சிடுசிடுப்பு. நம்மவர்களைக் கண்டால் கொஞ்சம் மூக்கைத் தூக்குவார். அந்தக் குழந்தையை ஒரு வாரம் இரவும் பகலும் விட்டு நகராமல் பிழைக்க வைத்தவர் அவர்தான். மூக்கு எவ்வளவு உயரத்தில் வேண்டுமானாலும் இருந்துவிட்டுப் போகட்டும்.

பவுனு எழுந்து உட்கார்ந்ததும் சின்னக்கண்ணுவும் அவன் மனைவி ராசாத்தியும் அழைத்துப் போக வந்தார்கள். நானும் கூடப் போயிருந்தேன். கந்தையா முடியாது என்றார்.

"பிள்ளையின்ர குடல் இன்னும் புண். திரும்ப அந்தத் தண்ணியைக் குடிச்சா நான் காப்பாத்த மாட்டன். தண்ணியைத் தெளிய வையுங்கோ, பிள்ளையைத் தாறன்."

காய்ச்சிக் கொடுக்கிறோம் என்று ராசாத்தி அழுதாள். லயத்தில் எல்லோருக்கும் காய்ச்சச் சொல்லித்தான் இருந்தது. விறகு ஈரம். ஆணும் பெண்ணும் விடியுமுன் வேலைக்குப் போகிறார்கள். வீட்டில் இருக்கும் பிள்ளை தாகம் எடுத்தால் குழாயடியில் வாயை வைக்கும். பவுனும் அப்படித்தான் குடித்திருந்தாள். கந்தையா அசையவில்லை. ராசாத்தி வேலிக்கு அப்பால் இருந்த பங்களாவின் சமையற்காரனைக் கெஞ்சி, பட்டணத்துக் குழாய்த் தண்ணீர் ஒரு குடம் வாங்கி வந்தாள். மறுநாள் பத்துப் பெண்கள் குடத்தோடு நின்றார்கள். அதற்கு மறுநாள் துரை அந்தக் குழாய்க்குப் பூட்டுப் போட்டார்.

கந்தையா மேலிடத்துக்கு எழுதினார். துரைதான் பதில் போட்டார். இந்த லயம் மிகச் சுத்தமானது என்று கமிட்டியே சான்று அளித்திருக்கும்போது நோய் லயத்திலிருந்து வர வாய்ப்பில்லை, தொழிலாளர்கள் வெளியில் கண்டதைத் தின்றிருப்பார்கள் என்பது அதன் சாரம். நான் கிள்ளான் பக்கத்திலிருந்து மட்டி வாங்கிக் குளத்தில் விடலாம் என்று அனுமதி கேட்டேன். சர்க்கார் பணத்தில் கறி வாங்க முடியாது என்றார்.

ஆறு நாள் சின்னக்கண்ணு வெற்றிலை கூடப் போடவில்லை. ஏழாம் நாள் என்னிடம் வந்து, துரையிடம் போகிறேன், நீங்களும் வாருங்கள் என்றான். அழப் போகிறான் என்று நினைத்தேன். அவனோ துரைக்கு முன்னால் போய் நின்று, பழைய இளிப்போடு குனிந்து, "தொர, அடுத்த வருசமும் பத்திரம் நம்மளுக்குத்தான் வரணும். இப்பவே சுண்ணாம்ப இருப்பு வச்சுக்கிட்டா நல்லது. கிள்ளான் பக்கம் மட்டி மலிவா கெடைக்குது. கொளத்துல போட்டு வச்சா ஒரு வருசம் கெடாம இருக்கும். வேணுங்கறப்ப எடுத்துச் சுட்டுக்கலாம்" என்றான். நான் மொழிபெயர்த்தேன். என் ஆயுளில் அவ்வளவு அக்கறையாக எதையும் மொழிபெயர்த்ததில்லை.

துரை எழுந்தே விட்டார். இத்தனை பேரில் இந்த ஒருவனுக்குத்தான் முன்யோசனை இருக்கிறது என்று என்னைப் பார்த்துச் சொல்லிவிட்டு, அந்த இடத்திலேயே கையெழுத்துப் போட்டார். மனிதர் குடிக்கும் தண்ணீருக்காகக் கேட்டபோது கிடைக்காத மட்டி, சுவருக்காகக் கேட்டதும் கிடைத்தது.

கிள்ளானுக்கு உள்ளே, உப்புத் தண்ணீர் ஏறாத இடத்தில், வாத்து வளர்க்கும் ஒரு சீன முதலாளித் தௌக்கேயின் குளம் நிறைய மட்டி. வாத்துக்குத் தீனியாக நசுக்கிப் போடுவார். நானும் சின்னக்கண்ணுவும் நாலைந்து ஆட்களும் போய், ஓடு உடைந்ததை ஒதுக்கி, வாய் இறுக்கமாக மூடியதை மட்டும் பொறுக்கி ஈரச் சாக்கில் கட்டினோம். ரயிலில் கார்டு மூக்கைப் பிடித்துக்கொண்டு என்ன சாமான் என்று கேட்டார். சுண்ணாம்பு என்றேன். அனுமதிச் சீட்டிலும் அப்படித்தான் இருந்தது. அதற்குள் ஒரு மூட்டையிலிருந்து தண்ணீர் பீச்சி அவர் கால்சட்டையில் அடித்தது. அவர் ரொம்ப நேரம் மூட்டையையும் சீட்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

பகல் முழுக்கக் குளத்தில் இறங்கி நின்று வைத்தோம். விட்டெறிந்தால் மல்லாந்து விழுந்து சேறு அடைத்துச் சாகும். ஒவ்வொன்றாகக் கையால், ஆழமில்லாத மணல் ஓரத்தில், பருத்த முனை கீழே புதைய, தண்ணீர் விடும் முனை மேலே தெரிய நட வேண்டும். சின்னக்கண்ணு வேட்டியை வரிந்து கட்டிக்கொண்டு, பிரம்பைக் கரையில் போட்டுவிட்டு, நாற்று நடுகிறவன் மாதிரி குனிந்தது குனிந்தபடி நட்டான். நடுவில் ஒருமுறை நிமிர்ந்து, இதெல்லாம் வேலை செய்யுமா அண்ணே என்று கேட்டான். தெரியாது என்றேன். அது உண்மை. அடுத்த மூட்டையை அவிழ்த்தேன்.

முதலில் ஒன்றும் நடக்கவில்லை. மழை விட்டது. நான் தினமும் மணலைக் கழுவினேன், மதகைப் பாதி மூடினேன், கண்ணாடிக் குழாயில் பார்த்தேன். முதலில் பத்திரிகை இருக்கிறது என்று தெரிந்தது. பிறகு தலைப்புத் தெரிந்தது. ராசாத்தி தினமும் வேலை விட்டதும் ஆஸ்பத்திரி ஜன்னலடியில் நிற்பாள், பவுனு உள்ளிருந்து கையாட்டும். சில நாள் தண்ணீர் மறுபடி கலங்கும், நான் மணலைக் கழுவுவேன். ஒருநாள் காலையில், பினாங்கில் காலமான ஒரு வெள்ளைக்காரச் சீமாட்டியின் பெயர், வயது, தேவாலயம் எல்லாம் பளிச்சென்று தெரிந்தன. சத்தியமாகச் சொல்கிறேன், ஒரு சாவுச் செய்தியைப் படித்து நான் அவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை. குழாயையும் பத்திரிகையையும் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். கந்தையா வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்தார், என்னைச் சந்தேகமாகப் பார்த்தார், தானே மேட்டுக்கு நடந்து வந்து வேறு தண்ணீர் மொண்டு பார்த்தார். அதையும் காய்ச்சித்தான் கொடுக்க வேண்டும் என்று ராசாத்தியிடம் சத்தியம் வாங்கிக்கொண்டு, பிள்ளையை அன்று சாயங்காலம் அனுப்பி வைத்தார்.

கதை இங்கே முடிந்திருந்தால் மலருக்குப் பொருத்தமாக இருந்திருக்கும். ஆனால் வருஷம் திரும்பியது. துரைக்கு ஞாபகசக்தி அதிகம். கமிட்டி வரப்போகிறது, இருப்பு வைத்த சுண்ணாம்பை எடு என்று உத்தரவு வந்தது.

குளத்தில் அப்போது நாங்கள் நட்டவை போக, விரல் நகம் அளவில் குட்டி மட்டிகளும் தென்படத் தொடங்கியிருந்தன. கண்ணாடித் துரை சொன்ன மீன் சவாரி மெய்தான். மீனைச் சுட்டால் சுண்ணாம்பு வராது என்பதால் மீன்கள் தப்பியிருந்தன.

சின்னக்கண்ணு ஆபீசுக்குப் போய், மட்டி எல்லாம் நோய் கண்டு செத்துவிட்டது, ஓடும் சேற்றோடு மக்கிப் போயிற்று என்று சொன்னான். துரை நம்பவில்லை. நேரில் பார்க்கக் கிளம்பிவிட்டார். வாழ்க்கையில் முதன்முறையாக அந்த மேட்டில் ஏறினார். நானும் சின்னக்கண்ணுவும் பின்னால் போனோம். தண்ணீர் அன்று அப்படித் தெளிந்திருந்தது. நாலு அடி முன்னால் போய்க் குனிந்து பார்த்தால் போதும், வரிசை வரிசையாக அத்தனையும் தெரியும். நாங்கள் தண்ணீரைத் தெளிய வைக்கத்தான் அவற்றை விட்டோம், ஒளித்து வைக்க அல்ல.

கரையோரம் சேறு. துரை தன் வெள்ளைச் சப்பாத்தைப் பார்த்தார். சேற்றைப் பார்த்தார். இருந்த இடத்திலிருந்தே கைத்தடியை நீட்டி, "எல்லாம் போச்சா?" என்று மலாயில் கேட்டார். "எல்லாம் போச்சு துவான்" என்றான் சின்னக்கண்ணு. அவர் திரும்பி இறங்கிவிட்டார்.

அந்த வருஷம் ஸ்டோர் சுண்ணாம்பு பாதி லயத்துக்குத்தான் கண்டது. எங்களுக்குக் கடைசி இடம். நற்சான்றுப் பத்திரத்தைக் கழற்றி எடுத்துப் போனார்கள். சர்க்கார் சொத்தைச் சாகவிட்ட குற்றத்துக்காகச் சின்னக்கண்ணுவின் விசிலையும் பிரம்பையும் பிடுங்கிக்கொண்டு, அவன் நேற்றுவரை விரட்டிய கூட்டத்திலேயே மண்வெட்டியோடு நிறுத்தினார்கள். புகழுக்காக உயிரை விடும் மனிதன், வரிசையின் கடைசியில் போய் நின்றான். கூட்டத்தில் சிலர் கேலி செய்தார்கள். அவன் தலைகுனிந்து வெட்டிக்கொண்டிருந்தான். அவனைப் பற்றி நான் இதுவரை எழுதிய கிண்டலையெல்லாம் இந்த இடத்தில் திரும்ப வாங்கிக்கொள்கிறேன்.

துரைக்கு வேலை நிரந்தரமாகி, பதவி உயர்ந்து, அவரைக் கிள்ளானுக்கு மாற்றினார்கள். கிள்ளான் லயத்துக்கும் ஒரு குளம் இருந்தது. அந்தக் குளத்திலும் மட்டி இருந்தது. சுண்ணாம்பு எங்கே கிடைக்கும் என்று துரைக்கு இப்போது யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அந்த வருஷப் பத்திரம் கிள்ளானுக்கு. சுவர்கள் ரயிலில் போகும்போதே கண்ணைப் பறித்தன.

மழை தொடங்கிய பிறகு டிரெசர் கந்தையாவைக் கிள்ளான் ஆஸ்பத்திரிக்கு மாற்றி உத்தரவு வந்தது. அங்கே நோயாளிகள் அதிகமாம், ஆள் போதவில்லையாம். நாங்கள் ஸ்டேஷனுக்கு வழியனுப்பப் போனோம். வண்டி கிளம்பும் நேரத்தில் சின்னக்கண்ணு ஓட்டமாக வந்து, சொட்டச் சொட்ட ஒரு சாக்கு மூட்டையை அவர் காலடியில் தூக்கி வைத்தான். கந்தையாவின் இஸ்திரி போட்ட கால்சட்டை நனைந்தது. அவர் திட்டவில்லை, மூட்டையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"அங்க கொளத்துல ஒண்ணொண்ணா நட்டு வைங்க ஐயா" என்றான் சின்னக்கண்ணு. "யாராச்சும் கேட்டா, சுண்ணாம்புன்னு சொல்லிருங்க."